பதினேழு வயது உபாத்தியாயர்கள்

இங்கிலாந்தில் ஏதேனும் ஓர் அரசாங்க உயர்நிலைப் பள்ளியின் வாயிலில் காலை எட்டரை மணி சுமாருக்கு நின்று கவனிப்பவருக்கு, ஒரே நிறக் கோட்டும் டையும் அணிந்து, ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு உள்ளே பாயும் நூற்றுக்கணக்கான சிறுவர் சிறுமியர் நடுவில், சீருடை இல்லாமலும், ஆனால் உபாத்தியாயர் என்று சொல்லத்தக்க வயது வராமலும், கழுத்தில் ஓர் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சாவதானமாக நடந்து செல்லும் சிலர் கண்ணில் படுவார்கள். அவர்களே ஆறாம் பாரத்து மாணவர்கள். சென்னை ராஜதானியில் படித்த முதியவர்களுக்கு ஆறாம் பாரம் என்ற பெயர் புதிதன்று. ஆனால் நம் நாட்டில் அது எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிவிட்டுப் பள்ளிக்கூடத்திற்கு விடை கொடுக்கும் வகுப்பாக இருந்தது. இங்கிலாந்திலோ, பதினாறாவது வயதில் ஜி.சி.எஸ்.இ. என்னும் பொதுப் பரீட்சையை முடித்தவர்கள், சர்வகலாசாலைக்கோ உத்தியோகத்திற்கோ போகுமுன் இரண்டு வருஷம் தங்கிப் படிக்கும் இடைநிலை அது. முதல் வருஷத்தவர் கீழ் ஆறு, இரண்டாம் வருஷத்தவர் மேல் ஆறு.

முற்காலத்தில் இந்தப் படிப்பு வசதியுள்ள சிலருக்கே வாய்த்தது. 2008ஆம் வருஷத்தில் இயற்றிய ஒரு சட்டத்தின் பலனாக, 2013 முதல் பதினேழு வயது வரையிலும், 2015 முதல் பதினெட்டு வயது வரையிலும், இங்கிலாந்தில் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு படிப்பிலோ தொழிற்பயிற்சியிலோ இருந்தாக வேண்டும் என்று ஏற்பட்டுவிட்டது. ஆகையால் கல்வியில் பிரியம் உள்ளவன், வேறு போக்கிடம் தோன்றாதவன், தோழிகள் இருக்கிறார்கள் என்பதற்காகவே தங்கிவிட்டவள், எல்லோரும் இன்று ஆறாம் பாரத்தில் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள்.

கவென்ட்ரி போன்ற ஒரு தொழில் நகரத்தில் கீழ் ஆறில் படிக்கும் மாணவி ஒருத்தியைக் கற்பனையில் அமைத்துக்கொண்டு, அவளுடைய ஒரு நாளைப் பின்தொடர்ந்து போவோம். அவள் எடுத்திருக்கும் பாடங்கள் கணிதம், உயிரியல், சரித்திரம் ஆகிய மூன்றே. 1951இல் ஏற்படுத்தப்பட்ட ஏ லெவல் என்னும் பரீட்சைக்குப் பெரும்பாலோர் மூன்று பாடங்களே படிக்கிறார்கள். ஒவ்வொரு பாடத்திற்கும் இரண்டு வருஷத்தில் சுமார் 360 மணி நேரம் போதனை என்பது கணக்கு. பதினாறு வயதுப் பிள்ளை, உலகத்திலுள்ள சாஸ்திரங்களில் மூன்றைத் தவிர மற்றவற்றையெல்லாம் ஒரே நாளில் கைவிட்டுவிடுவதற்கு அனுமதிக்கும் இந்த ஏற்பாட்டில், ஆழம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது சிறிது அவசரப்பட்ட வைராக்கியமாகவே எனக்குத் தோன்றுகிறது.

காலையில் முதற்காரியம் வருகைப் பதிவு. இருபது பேர் வரையில் உள்ள ஒரு சிறு குழுவுக்குப் பொறுப்பான ஆசிரியர், பெயர்களைக் குறித்துக்கொண்டு, முந்திய வாரம் யார் எந்தக் கட்டுரையைக் கொடுக்கத் தவறினார்கள் என்பதை நினைவூட்டுவார். பிறகு ஒரு மணி நேரம் வீதம் ஐந்து பாடவேளைகள். கீழ் வகுப்புகளில் முப்பது பேர் இருந்த இடத்தில் இங்கே பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பதால், சரித்திர வகுப்பில் பேசாமல் ஒளிந்துகொள்வதற்கு இடமில்லை. நேற்று வரை, வாக்கியத்தை இப்படித் தொடங்கு, இப்படி முடி என்று சொல்லிக்கொடுத்த அதே ஆசிரியை, இன்று இரண்டு சரித்திராசிரியர்கள் ஒருவருக்கொருவர் முரண்பட்டு எழுதிய பக்கங்களை முன்னே வைத்து, இவர்களில் எவர் சொல்வது பொருந்தும், ஏன் என்று கேட்டுவிட்டு வாளா இருந்துவிடுவார். அந்த மௌனம் முதல் சில மாதங்களுக்கு மிகவும் பயங்கரமானது என்று அதில் அகப்பட்டவர்கள் சொல்வார்கள்.

வாரத்திற்கு இருபத்தைந்து பாடவேளைகள் என்றால், மூன்று பாடங்களுக்கும் சேர்ந்து ஏறக்குறைய பதினைந்து போக, மிகுந்தவை மாணவரின் சொந்தப் படிப்புக்கு விடப்படுகின்றன. காகிதத்தில் இது சுய கல்வி. நடைமுறையில், பொது அறையில் உள்ள கெட்டிலில் வெந்நீர் கொதிக்கும் நேரம், ரொட்டி வாட்டும் நேரம், இன்னொருவருடைய காதல் விவகாரத்தை நால்வர் சேர்ந்து ஆராயும் நேரம். பதினொரு வயது முதல் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உட்கார்ந்து பழகிய பிள்ளைக்கு, மணி அடித்தும் எங்கும் போக வேண்டாத ஒரு மணி நேரம் திடீரென்று கிடைத்தால், அதை என்ன செய்வது என்று தெரியாமல் திகைப்பது இயல்பே. ஆறாம் பாரத்தில் தேறுகிறவருக்கும் தேறாதவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் வகுப்பறையில் உண்டாவதில்லை. இந்தக் காலி நேரங்களில்தான் உண்டாகிறது என்று அங்குள்ள ஆசிரியர்கள் சலிப்போடு சொல்வதுண்டு.

நம் மாணவி, வாரத்தில் இரண்டு முறை, இந்தக் காலி நேரங்களில் ஒன்றைக் கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறாள். ஏழாம் ஆண்டு எனப்படும் வகுப்பில், ஆரம்பப் பள்ளியிலிருந்து புதிதாக வந்திருக்கும் பதினொரு வயதுச் சிறுவர்களில், வாசிப்பில் பின்தங்கியவர்களைத் தேர்ந்தெடுத்து, நூலகத்தின் ஒரு மூலையில், நூலகரோ ஆசிரியரோ பார்த்துக்கொண்டிருக்கும்படியான இடத்தில், ஒரு பெரியவருக்கு ஒரு சிறியவர் என்று ஜோடியாக உட்கார வைக்கிறார்கள். இதற்கு இணை வாசிப்பு என்று பெயர். பார்ப்பதற்கு இருவர் ஒரு கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருப்பதாகவே தோன்றினாலும், அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீ சர்வகலாசாலையைச் சேர்ந்த கீத் டாப்பிங் என்னும் கல்வி அறிஞர் வெகுவாகப் பரப்பிய முறையில், முதலில் இருவரும் ஒரே குரலில், சிறியவனுடைய வேகத்துக்கு இசைய, சத்தமாக வாசிப்பார்கள். தைரியம் வந்ததும் சிறியவன் மேஜையை ஒரு தட்டுத் தட்டினால் பெரியவர் நிறுத்திக்கொள்ள வேண்டும். அவன் தனியே போவான். எங்கேனும் இடறி, நாலைந்து விநாடி வரையில் மீள முடியாவிட்டால், பெரியவர் அந்தச் சொல்லை மட்டும் சொல்லி, அவன் அதைத் திருப்பிச் சொன்னதும், மறுபடியும் கூடச் சேர்ந்துகொள்வார். கண்டிப்பும் இல்லை, விளக்கவுரையும் இல்லை.

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. ஒலிகளோ 44 என்று வைத்துக் கணக்கிடுவது அங்குள்ள பாடசாலைகளின் வழக்கம். ஒரே நான்கெழுத்துக் கூட்டம் ஒரு சொல்லில் ஓகாரமாகவும், அடுத்த சொல்லில் ஊகாரமாகவும், மற்றொன்றில் அஃப் என்றும் ஒலிக்கும் அந்தப் பாஷையில், பதினொரு வயதுப் பையன் இடறி விழுவதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியப்பட வேண்டியது, அவன் விழுந்ததை மறைப்பதற்குக் கற்று வைத்திருக்கும் சாமர்த்தியங்களே. தெரியாத சொல் வரும் இடத்தில் இருமுவான். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு அதே எழுத்தில் தொடங்கும் வேறொரு சொல்லைச் சரளமாக வைத்துவிடுவான். வேகத்தைக் கூட்டி, வரிக்கு இரண்டு சொற்களை விழுங்கிவிடுவான். முப்பது பேர் உள்ள வகுப்பில் இந்த வித்தைகள் செல்லும். பக்கத்தில் தோளோடு தோளாக ஒருத்தி உட்கார்ந்து, அதே வரியில் கண்ணை வைத்துக்கொண்டிருக்கும்போது செல்லா. அவளும் சில வருஷங்களுக்கு முன் இதே வித்தைகளைச் செய்தவளாக இருக்கக்கூடும் என்பதனால், ஆசிரியருக்குப் புலப்படாதது அவளுக்குப் புலப்பட்டுவிடுகிறது.

மற்றொரு நாள் அவளுக்குக் கணக்கு. இங்கேதான் விஷயம் மிகவும் சுவாரசியமானது. முக்காலை அரையால் வகுக்க வேண்டும், இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு என்ற சூத்திரம் இருவருக்கும் தெரியும், விடை ஒன்றரை. சிறுவன் விடையை எழுதிவிட்டு, வகுத்தால் குறையத்தானே வேண்டும், முக்கால் எப்படி ஒன்றரையாகக் கூடிவிட்டது என்று கேட்கிறான். அன்று காலையில்தான் தொகை நுண்கணிதத்தில் இரண்டு பக்கம் போட்டுவிட்டு வந்த அந்த மாணவிக்கு, அது ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. விதி அப்படி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம்; பலர் அப்படியே செய்கிறார்கள். சிறிது மனச்சாட்சி உள்ளவள் நின்று யோசிப்பாள். யோசித்து, முக்கால் லிட்டர் தண்ணீர் இருக்கிறது, அரை லிட்டர் போத்தல்களில் ஊற்றினால் எத்தனை போத்தல் நிரம்பும் என்று கேட்பாள். ஒன்று முழுதாக நிரம்பும், இன்னொன்று பாதி நிரம்பும் என்று அவன் சொல்லும்போது, வகுத்தல் என்பது குறைப்பது மாத்திரம் அன்று, எத்தனை முறை அடங்கும் என்று கேட்பதும்தான் என்பது இருவருக்கும் ஏககாலத்தில் விளங்குகிறது. பொதுப் பரீட்சையில் உயர்ந்த மதிப்பெண் வாங்கி அவள் தாண்டி வந்த ஒரு பாடம், அன்றைக்குத்தான் அவளுக்குச் சொந்தமாகிறது.

இப்படிக் கற்பிக்கப் போகிறவர்களுக்கு ஆசிரியர்கள் செய்யும் முதல் எச்சரிக்கை, பேனாவைக் கையில் வாங்காதே என்பதுதான். கெட்டிக்காரப் பிள்ளைகள், சிறியவன் தடுமாறுவதைக் கண்டால் பொறுக்கமாட்டாமல், அவன் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கித் தாமே போட்டுக் காட்டிவிடுவார்கள். சிறியவனும் ஆஹா புரிந்துவிட்டது என்று தலையை ஆட்டுவான். அவனுக்குப் புரிந்ததெல்லாம், இன்னும் சற்றுத் தடுமாறினால் அடுத்த கணக்கையும் அவளே போட்டுவிடுவாள் என்பதே. ஐந்து விநாடி சும்மா இருப்பது ஒரு பதினேழு வயதுக்காரிக்கு எவ்வளவு பிரயாசையான காரியம் என்பது, அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குக் கற்பிக்கும் இந்த வழக்கம் இங்கிலாந்துக்குப் போன பாதையில் நம் எழும்பூரும் ஒரு முக்கியமான ஸ்தானம் வகிக்கிறது. 1753இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஸ்காட்லாந்து நகரத்தில் பிறந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1787இல் இந்தியாவுக்கு வந்து, 1789இல் எழும்பூரில் ஆங்கிலச் சிப்பாய்களின் அநாதைப் புதல்வர்களுக்காக ஏற்பட்டிருந்த விடுதிப் பள்ளியின் மேற்பார்வையை ஏற்றார். அங்கிருந்த உதவி ஆசிரியர்கள் அசிரத்தையும் பிடிவாதமும் மிகுந்தவர்கள். நம்மவர் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட பெல், அதைத் தம் பள்ளியிலும் செய்யும்படி சொல்ல, ஆசிரியர் அது நடவாது என்று மறுத்துவிட்டார். உடனே அவர், சாதாரணச் சிப்பாய் ஒருவனுடைய மகனாகிய ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அரிச்சுவடி வகுப்பை அவன் கையில் ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாதது சிறுவனால் ஆயிற்று. திண்ணையில் சட்டாம்பிள்ளை முன்னே முறை சொல்ல, மற்றவர்கள் கூட்டமாகப் பின்சொல்லுவது தமிழ்நாட்டில் எவருக்கும் அதிசயமாகத் தோன்றாத பழைய சம்பிரதாயம். பெல்லுக்கு அது ஒரு கண்டுபிடிப்பாக இருந்தது. 1796இல் ஊர் திரும்பிய அவர், மறு வருஷமே அதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட, மதராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தில் பரவத் தொடங்கியது.

லண்டனில் பரோ ரோடு என்ற இடத்தில் 1798இல் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் ஏறக்குறைய இதே வழியில் சென்றார். முறையை முதலில் கண்டவர் யார் என்று இருவருடைய கட்சிக்காரர்களும், சமயப் பிணக்கையும் சேர்த்துக்கொண்டு, பல வருஷம் சண்டையிட்டார்கள். திண்ணை வாத்தியார் எவரும் அந்த வழக்கில் சாட்சிக்கு அழைக்கப்படவில்லை. சண்டை எப்படியிருந்தாலும், நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை ஒரே கூடத்தில் நிறுத்தி, ஒரே ஆசிரியரின் கீழ்ப் பல சட்டாம்பிள்ளைகளை வைத்துக் கற்பித்தால் செலவு மிகக் குறைவு என்பதைத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த அந்தத் தேசம் சட்டென்று கிரகித்துக்கொண்டது. கிரகித்துக்கொண்டு, முறையையும் ஒரு தொழிற்சாலையாகவே ஆக்கிவிட்டது. தனக்கே அரைகுறையாகத் தெரிந்ததை எட்டு வயதுப் பிள்ளை மற்றவர்களுக்கு ஒப்பிக்க, அவர்கள் அதைத் திருப்பி ஒப்பிக்க, படிப்பு வெறும் கூச்சலாயிற்று. 1846இல் அரசாங்கம், பதின்மூன்று வயதினரைச் சம்பளம் கொடுத்து ஐந்து வருஷம் ஆசிரியத் தொழிலுக்குப் பயிற்றும் வேறொரு திட்டத்தைக் கொண்டுவந்தபோது, மதராஸ் முறையின் காலம் முடியத் தொடங்கியது. பெல் 1832இல் காலமாகி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற பொருளால் எழுந்த உயர்நிலைப் பள்ளி, மதராஸ் காலேஜ் என்ற பெயரோடு செயின்ட் ஆண்ட்ரூஸில் இன்றும் நடைபெறுகிறது.

ஏழைகளின் பள்ளிகளில் இவ்வாறிருக்க, பணக்காரர்களின் விடுதிப் பள்ளிகளில் மூத்த மாணவருக்கும் இளையவருக்கும் இருந்த சம்பந்தமே வேறு. 1828 முதல் 1842 வரையில் ரக்பி பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்த தாமஸ் ஆர்னால்டு, ஆறாம் பாரத்து மாணவர்களையே தம் ஆட்சிக்குத் தூண்களாகக் கொண்டு, கீழ் வகுப்பினரை அடக்கி நடத்தும் அதிகாரத்தை அவர்களுக்கு அளித்தார். மூத்தவனுக்கு இளையவன் பூட்ஸைத் துடைப்பதும், ரொட்டி வாட்டிக் கொடுப்பதும் அந்தப் பள்ளிகளில் வெகுகாலம் வரையில் சாதாரண வழக்கங்களாயிருந்தன. அதிகாரம் செலுத்துவதற்கு இளையவனுடைய மனத்தை அறிய வேண்டிய அவசியமில்லை. அவன் பயப்பட்டால் போதும். அவனுக்குப் பின்னம் கற்பிப்பதற்கோ, அவன் எந்த இடத்தில் வழி தவறினான் என்று அவனோடேயே திரும்பி நடக்க வேண்டியிருக்கிறது. மாணவர் தலைவி, உபதலைவி என்ற பதவிகளும் அவற்றுக்குரிய சின்னங்களும் ஆறாம் பாரங்களில் இன்றும் உண்டு. தேர்தல் பிரசங்கங்களும் உண்டு. கௌரவமான காரியம் எது என்று என்னைக் கேட்டால், நூலகத்து மூலையையே காட்டுவேன்.

இதனால் பயன் உண்டா என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் மாவட்டத்தில் 129 ஆரம்பப் பள்ளிகளைச் சேர்த்து இரண்டு வருஷம் ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. டாப்பிங்கும் அதில் பங்கு கொண்டவர். ஒரே வயதினர் ஒருவருக்கொருவர் கற்பித்த வகுப்புகளில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. மூத்த வகுப்பினர் இளைய வகுப்பினருக்குக் கற்பித்த பள்ளிகளில் முன்னேற்றம் தெரிந்தது. அங்கே கற்பித்த மூத்தவர்களும் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளே ஆகையால், அந்த முடிவை ஆறாம் பாரத்தாருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், வயது வித்தியாசம் ஏதோ ஒரு வேலையைச் செய்கிறது என்பதற்கு அது சான்று. பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் இதே ஃபைஃபில்தான் இருக்கிறது.

நம் மாணவி இதையெல்லாம் நினைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போகிறாள் என்று நான் சொல்லத் துணியமாட்டேன். அவள் முதன்முதலில் பெயர் கொடுத்ததற்கு யூகாஸ் என்னும் பொது ஸ்தாபனமே காரணமாயிருக்கலாம். சர்வகலாசாலைக்கு மனுச் செய்பவர்கள் அதன் மூலமாகவே செய்ய வேண்டும். ஐந்து இடங்களுக்கு மனுச் செய்யலாம்; ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், வைத்தியப் படிப்பு ஆகியவற்றுக்கு அக்டோபர் 15க்குள் அனுப்பிவிட வேண்டும்; தன்னைப் பற்றி 4,000 எழுத்துகளுக்கு மேற்படாமல் எழுதித் தர வேண்டும். 2026இல் சேருவோர் முதற்கொண்டு அது மூன்று கேள்விகளுக்கு விடையாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் ஒன்று, பாடப் படிப்புக்கு வெளியே நீ என்ன செய்தாய் என்பது. அந்த இடத்தை நிரப்புவதற்கு இணை வாசிப்பு சௌகரியமானது. எடின்பரோ கோமகன் பெயரால் 1956இல் தொடங்கிய விருதின் தங்க நிலைக்கும், பன்னிரண்டு மாத காலத் தொண்டு ஒன்று தேவைப்படுகிறது. ஏ லெவலில் ஏ கிரேடு வாங்கினால் யூகாஸ் அளவையில் 48 புள்ளிகள். ஒரு சிறுவனை வாசிக்க வைத்ததற்குப் புள்ளி எதுவும் இல்லை. ஆயினும் மனுவுக்காகத் தொடங்கியவர்களில் சிலர், மனு போன பிறகும் வந்துகொண்டிருக்கிறார்கள். சிலர் அக்டோபர் பதினாறாம் தேதியிலிருந்தே காணாமற்போய்விடுகிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மூன்றேகால் மணி அளவில் பள்ளி விடுகிறது. அவளுடைய நாள் முடிவதில்லை. வாரத்தில் இரண்டு மூன்று மாலைகள் ஏதேனும் ஒரு பெரிய கடையில் அலமாரிகளில் சாமான் அடுக்கியோ பணம் வாங்கிப் போட்டோ கைச்செலவுக்குச் சம்பாதிக்கிறவர்கள் ஆறாம் பாரத்தில் ஏராளம். இல்லாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வாரம் 30 பவுன் வரையில் அரசாங்கம் கொடுத்துவந்த உதவித்தொகையை இங்கிலாந்தில் 2011இல் நிறுத்திவிட்டு, பள்ளிகளின் வழியாகப் பகிர்ந்தளிக்கும் ஒரு சிறிய நிதியை அதற்குப் பதிலாக வைத்தார்கள். அதுமுதல் இந்த மாலை வேலை பலருக்கு விருப்பத்தின் காரியமாக இல்லை. லண்டனின் சுற்றுப்புறங்களில் உள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் சிலருக்குச் சனிக்கிழமையும் ஓய்வில்லை. வாரக் கடைசித் தமிழ்ப் பள்ளிகளில், தாங்கள் முன்பு அழுதுகொண்டே எழுதிய அகர வரிசையை, இப்போது அழுதுகொண்டே எழுதும் சின்னஞ்சிறுவர்களுக்கு அருகில் அமர்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மேல் ஆறு மாணவர்கள் மே மாதத்தில் பரீட்சை விடுப்பில் போனதும், அவர்கள் பொறுப்பிலிருந்த பிள்ளைகளைக் கீழ் ஆறில் உள்ளவர்களுக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள். நல்ல பள்ளிகளில் ஒவ்வொரு சிறுவனுக்கும் ஒரு குறிப்புப் புத்தகம் இருக்கும். எந்தத் தேதியில் எந்தப் பக்கம் வரையில் வாசித்தான் என்பதோடு, வேகமாகப் போனால் சொற்களை விழுங்குகிறான் என்று பொருள், இருமினால் காத்திரு, கால்பந்து பற்றிய புத்தகம் என்றால் தானே மேஜையைத் தட்டுவான் என்பன போன்ற குறிப்புகளையும் பழைய உபாத்தியாயினி அதில் எழுதி வைத்துவிட்டுப் போகிறாள்.